சோடியத்துக்குக் கொம்பு வைத்தவன்

உலகத்திலேயே சோடியத்துக்குக் கொம்பு உண்டு என்று கண்டுபிடித்தவன் ஒரே ஒருவன்தான். அவனை எந்த ஆராய்ச்சிக் கூடத்திலும் தேடாதீர்கள். ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் கல்லூரி ஹாஸ்டலில், எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தான். தூங்கும்போதுகூட அவன் வாய் மூடாது. முதல் நாளே கவனித்துவிட்டேன். மூன்று வருஷம் இந்த வாயோடுதான் குடித்தனமா என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கும் இருந்தது. வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மட்டும் அது வெளியே வரும். யாருடா இது புதுசாக என்று நாங்களே திரும்பிப் பார்ப்போம். மற்றபடி ஹாஸ்டலுக்கும் அவன் கமெண்ட்ரி, மெஸ்ஸுக்கும் கமெண்ட்ரி, கல்லூரி பஸ் ஓட்டும் அண்ணனுக்கும் கமெண்ட்ரி.

ஜல்லிக்கட்டில் மைக் பிடித்துப் பேசுகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். மாடு வாடிவாசலில் மூக்கை நீட்டியதிலிருந்து, திமிலைப் பிடித்தவன் தொங்கிக்கொண்டே போகிற வரைக்கும் மூச்சு விடாமல் பேசுவார்கள். நடுநடுவே பிடித்தவனுக்கு அண்டா, பிடிபடாத மாட்டின் சொந்தக்காரருக்குக் கட்டில் என்று பரிசு வேறு அறிவிப்பார்கள். இவன் ஊர் மேலூருக்கு அந்தப் பக்கம். பத்தாவது படிக்கும்போது ஒரு பொங்கலுக்கு, ஊரில் வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "டேய், செத்த நேரம் புடி. தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று மைக்கை இவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பாவம், கடைசி மாடு வெளியேறி, பந்தலைப் பிரிக்க ஆரம்பித்த பிறகுதான் அவரால் மைக்கைத் திருப்பி வாங்க முடிந்தது.

அடுத்தடுத்த பொங்கலுக்கும் மைக் இவனிடம்தான். அன்றிலிருந்து மனுஷன் எதையும் சாதாரணமாகச் சொல்வதில்லை. காலையில் பாத்ரூம் வரிசையில் நின்றால்கூட, "வாளி வருது... வாளி வருது... கதவு தொறக்குது... மூணு வீரர்கள் முண்டுறாய்ங்க... சிக்கந்தர் முந்துறாரு... ஆத்தாடி, சோப்பு மேல கால வச்சுட்டாரு!" என்பான். சிக்கந்தர் எங்கள் அறையில் மூன்றாவது ஆள், திண்டுக்கல்காரன். நிஜமாகவே சோப்பை மிதித்து மல்லாந்து கிடப்பான். அவனைத் தூக்கிவிட வேண்டும் என்று இவனுக்குத் தோன்றாது. "விழுந்த வீரருக்கு விழாக் கமிட்டி சார்பா ஒரு ஈரத்துண்டு!" என்று அறிவித்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான்.

எனக்கு அவன் வைத்த பெயர் மியூட். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன் நான். எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். எழுந்து நின்று பேசு என்றால் உள்ளங்கால் வரைக்கும் வேர்க்கும். "பய நல்ல பயதான். எவனோ ரிமோட்ல பட்டனை அமுக்கிட்டு, ரிமோட்டைத் தொலைச்சுட்டாய்ங்க" என்று என்னைப் பற்றி ஹாஸ்டல் முழுக்கச் சொல்லி வைத்தான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் அதைச் சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

அவன் கமெண்ட்ரி இல்லாமல் என்னிடம் பேசியது அந்த முதல் வாரத்தில் ஒரே தடவைதான். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் கூலி வேலை. அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவன். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு மாமா. வீட்டில் எல்லா முடிவும் அவர் சொல்வதுதான். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் படிப்பின் மீது நம்பிக்கை இல்லாத மனுஷர். "மொத செமஸ்டர் பாப்போம். ஒரு பேப்பர்ல அரியர் விழுந்தாலும் படிப்பு ஒனக்கு ஒத்து வரலேன்னு அர்த்தம். கம்பெனியில எடம் சொல்லி வச்சிருக்கேன். வண்டியேறி வந்துரணும்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

இதை முழுக்க ஒரே மூச்சில் சொன்னான். பிறகு, "எனக்குப் படிக்கணும் மாப்ள" என்றான். அவ்வளவுதான்.

முதலாமாண்டு மாணவர்களுக்குப் படிக்கும் திறனை வளர்க்கிறோம் என்று கல்லூரியில் ஒரு கூட்டம் நடத்தினார்கள். சென்னையிலிருந்து கோட்டு போட்ட ஒருவர் வந்தார். மதுரை வெயிலில் கோட்டைப் பார்த்ததுமே எங்களுக்கு வேர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் லட்சியத்தைப் பாருங்கள் என்றார். மூடினோம். மூடியவர்களில் பாதிப் பேர் சாப்பாட்டு மணி அடித்த பிறகுதான் திறந்தோம். டைம் டேபிள் போடுங்கள் என்றார். கலர் கலராகப் போட்டுச் சுவரில் ஒட்டினோம். விடியற்காலையில் எழுந்து படிப்பதாக எல்லோருமே எழுதியிருந்தோம். அந்த டைம் டேபிளின்படி எழுந்தது மெஸ்ஸில் பால் காய்ச்சுகிற அண்ணன் ஒருவர்தான்.

வகுப்பிலோ நிலைமை கவலைக்கிடம். செல்வராணி மேடம் கெமிஸ்ட்ரி எடுப்பார். அருமையாகத்தான் எடுப்பார், ஆனால் இங்கிலீஷில். நாங்கள் குனிந்த தலை நிமிராமல் அத்தனையையும் எழுதுவோம். மேடம் தும்மினால் அதையும் எழுதியிருப்போம். "எனி டவுட்?" என்று கேட்பார். அறுபது தலையும் ஒன்றாக ஆடும். இல்லையாம்! ஒரு எழவும் புரியவில்லை, ஆனால் டவுட் மட்டும் இல்லை.

இந்த லட்சணத்தில் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையை ஒரு சாம்பார்தான் மாற்றியது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டார்கள். எல்லோரும் முனகிக்கொண்டே பிசைந்தோம். கமெண்ட்ரி மட்டும் எழுந்தான். பெஞ்சின் மேல் ஏறினான். கையில் ஸ்டீல் டம்ளரை வாய்க்கு நேராகப் பிடித்தான். அன்று காலையில்தான் மேடம் அயனிப் பிணைப்பு நடத்தியிருந்தார்.

"வாரான்... வாரான்... வாடிவாசல்ல இருந்து சோடியம் காளை வாரான்! மொத்தம் பதினோரு எலக்ட்ரான்! பத்து உள்ள அடக்கமா ஒக்காந்திருக்கு... கடைசி ஒண்ணு மட்டும் கொம்பு நுனியில ஒத்தையா ஆடுது! புடிக்க ஆளு உண்டா? உண்டு! இந்தா நிக்கிறாரு குளோரின்! வெளிவட்டத்துல ஏழு வச்சிருக்காரு, எட்டாவது கெடைக்காம மனுசனுக்குத் தூக்கமே இல்ல! பாயிறாரு... பாயிறாரு... புடிச்சுட்டாரு! ஒத்த எலக்ட்ரானைப் புடிச்சுட்டாரு! சோடியம் பாசிட்டிவ்! குளோரின் நெகட்டிவ்! ரெண்டும் ஒட்டிக்கிருச்சு, இனி லேசுல பிரிக்க முடியாது! சோடியம் குளோரைடு! உப்பு! உப்பு! மெஸ் மாஸ்டர் அண்ணே, அந்த உப்பை அள்ளி இந்தச் சாம்பார்ல போடுங்கண்ணே!"

மெஸ்ஸே எழுந்து நின்று விசிலடித்தது. தட்டுகளெல்லாம் தாளம் போட்டன. மாஸ்டர் கோபித்துக்கொண்டு ஒரு கிண்ணம் உப்பைக் கொண்டுவந்து டொப்பென்று வைத்துவிட்டுப் போனார். எனக்கோ கையிலிருந்த சோற்றை வாயில் வைக்கத் தோன்றவில்லை. புரிந்துவிட்டது! காலையில் நான்கு பக்கம் எழுதியும் மண்டைக்குள் இறங்காத விஷயம், பெஞ்சு மேல் நின்ற இந்த வாயாடியால் முழுசாகப் புரிந்துவிட்டது. சிக்கந்தர் என் தொடையில் அடித்து, "டேய், நெசமாவே வெளங்கிருச்சுடா!" என்று கத்தினான்.

அன்று சாயங்காலமே ஹாஸ்டல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் களம் அமைந்துவிட்டது. முதலாமாண்டுக்காரர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். சிலர் நோட்டோடு வந்தார்கள். கமெண்ட்ரிக்குப் பொல்லாத கோபம் வந்தது.

"நோட்டை மூடுங்கடா! பேப்பரைப் பாத்து ஜல்லிக்கட்டு சொன்னவன் எவனாச்சும் இருக்கானா? அம்புட்டும் மண்டையில இருந்து வரணும். வராத எடத்துல நிப்பாட்டி, மாடு எங்க போச்சுன்னு தேடணும்."

சட்டம் அதுதான். இன்று நடந்த பாடத்தை இன்று சாயங்காலமே, நோட்டைப் பார்க்காமல், சொந்த வாயால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவன் டம்ளரைப் பிடிக்க வேண்டும். ஆரம்பிப்பதற்கு முன் கூட்டம் மொத்தமும், "அவுத்து விடு மாப்ள!" என்று குரல் கொடுக்கும். எங்கே ஒருவன் திக்குகிறானோ அங்கே, "மாடு தப்பிச்சிருச்சு!" என்று எல்லோரும் கத்துவார்கள். மறுநாள் வகுப்பில் அதைக் கேட்டுப் பிடித்து வருகிறவனுக்குப் பரிசு உண்டு. பரிசு என்ன? ஹாஸ்டல் வாளி. எங்கள் தளத்தில் உடையாமல் இருந்தது அந்த ஒரு வாளிதான். அதனால் மறுநாள் குளிப்பதற்குள் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கெமிஸ்ட்ரியோடு நின்றானா? கணக்கில் எக்ஸ் என்கிற மாடு எந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது என்று தொட்டியைச் சுற்றி ஓடித் தேடுவான். நியான் வாயு நின்று விளையாடும் காளை, ஒருத்தனும் கிட்டப் போக முடியாது, அதற்குத்தான் கட்டில் பரிசு. இங்கிலீஷ் இலக்கணத்தைக்கூட விடவில்லை. "மாடு வீரரைக் குத்தியது. வீரர் மாட்டால் குத்தப்பட்டார். எப்படிச் சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போறது அவருதான்டா! இதுதான் பாஸிவ் வாய்ஸ்!" என்றான். அதன் பிறகு அதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

இத்தனையும் நன்றாகத்தான் போனது, என் முறை வரும் வரைக்கும்.

சோடியம் தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டதே, அதனால் சோடியத்துக்கு என்ன லாபம்? இந்தக் கேள்வியில் மாடு தப்பிவிட்டது. யாருக்கும் தெரியவில்லை. கமெண்ட்ரி டம்ளரை என் பக்கம் நீட்டினான். "நாளைக்கு மியூட் கேக்குறாரு! கை தட்டுங்க!" தட்டித் தொலைத்தார்கள். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அந்த ஒரே ஒரு வாக்கியத்தைச் சுவரைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினேன். மறுநாள் மேடம் "எனி டவுட்?" என்றதும் என் கை தானாக உயர்ந்துவிட்டது. வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. பழகியதெல்லாம் பறந்துபோய், வாயில் வந்தது இதுதான்:

"மேடம், மாட்டுக்காரருக்கு என்ன லாபம்?"

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. மேடம் சாக்பீஸை வைத்தார். "வாட் மாடு?" என்றார். உட்கார்ந்துவிடலாம் என்று பார்த்தால், பின்னாலிருந்து கமெண்ட்ரி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "விடாத மாப்ள, தொங்கு, தொங்கு" என்கிறான். வேறு வழியில்லாமல் தமிழிலேயே மொத்தத்தையும் சொன்னேன். சோடியம் காளை, கொம்பு நுனி, குளோரின் வீரர், எல்லாம்.

மேடம் சிரிக்கவில்லை. பலகையைத் துடைத்துவிட்டு, அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு மணி அடிக்கும் வரைக்கும் பேசினார். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். கடைசியில் கையைத் தட்டிச் சுண்ணாம்புத் தூளை உதிர்த்துக்கொண்டே சொன்னார்: "காலையில இருந்து முட்டிக்கிட்டு நின்ன மாட்டை, அதான் அந்த ஒத்த எலக்ட்ரானை, அவுத்து விட்டாச்சு. மாட்டுக்காரர் சோடியம் இனி பத்தோட நிம்மதியா இருப்பாரு. நியான் மாதிரி. அந்த நிம்மதிதான்யா லாபம்."

அன்றைக்கு ஹாஸ்டல் வாளியை என் தலையில் கவிழ்த்து ஊர்வலமாகத் தூக்கிப் போனார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு அது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாளிக்குள் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் டவுட்டுக்குப் பஞ்சமே இல்லை. மேடம் உள்ளே நுழைந்ததும், "இன்னிக்கு எத்தனை மாடு தப்பிச்சிருக்கு?" என்று கேட்கிற அளவுக்குப் போய்விட்டது. முதல் இன்டெர்னல் தேர்வு வந்தது. மொட்டை மாடிக் கோஷ்டி முழுக்கத் தேறியது. சிக்கந்தர் தன் மார்க்கைப் பார்த்துவிட்டு, வேறு எவனுடைய பேப்பரோ மாறி வந்துவிட்டது என்று பயந்து ஒளித்து வைத்தான்.

தேறாமல் போனவன் ஒருவன்தான். கமெண்ட்ரி.

நாங்கள் நம்பவில்லை. பேப்பரை வாங்கிப் பார்த்தோம். அயனிப் பிணைப்பை விளக்குக என்பது கேள்வி. எந்த விஷயத்தை மெஸ் பெஞ்சில் நின்று சொல்லி ஹாஸ்டலையே எழுப்பினானோ, அதே கேள்வி. இவன் எழுதியிருந்த பதில் இது: "சோடியம் கம்ஸ். குளோரின் கேட்ச்சஸ். சால்ட்."

"என்னடா இது, தந்தி அடிச்ச மாதிரி?" என்றான் சிக்கந்தர்.

"பேனாவைப் புடிச்சா ஒண்ணும் வர மாட்டேங்குதுடா" என்றான் கமெண்ட்ரி. "எதுத்தாப்புல ஆளு வேணும். சத்தம் வேணும். அங்க ஃபேன் மட்டும் சுத்துது. யாருக்குச் சொல்றதுன்னே தெரியல." டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே, "திருப்பூர்ல மிஷின் சத்தம் பயங்கரமா இருக்குமாம். கமெண்ட்ரி சொன்னாலும் கேக்காது" என்றான். சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

எங்கள் எல்லோரையும் கரையேற்றிவிட்டு இவன் மட்டும் வண்டியேறுவதா? விடுவோமா?

முதல் யோசனை சிக்கந்தருடையது. வாய் இருப்பதால்தான் கை வேலை செய்யவில்லை, வாயை அடைத்தால் வார்த்தைகள் வேறு வழியில்லாமல் கை வழியாக வரும் என்றான். இன்றைக்குக் கேட்டால் பைத்தியக்காரத்தனம். அன்றைக்கு மகா அறிவாகத் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கமெண்ட்ரியை நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் வாயைக் கட்டி, கையில் பேனாவைக் கொடுத்து, நாங்கள் ஐந்தாறு பேர் சுற்றி நின்றுகொண்டு, "எழுதுடா! எழுதுடா!" என்று அதட்டினோம்.

கதவு திறந்தது. வார்டன்.

அவர் இடத்தில் யார் இருந்தாலும் என்ன நினைத்திருப்பார்கள்? வாய் கட்டப்பட்ட ஒருவன், சுற்றி ஆறு தடியன்கள், மிரட்டி எதையோ எழுதி வாங்குகிறார்கள். "ஃபர்ஸ்ட் இயருக்குள்ளயே ராகிங்கா? போலீசுக்குச் சொல்றேன் பாருங்கடா!" என்று குதித்தார். நாங்கள் காலில் விழாத குறை. கமெண்ட்ரி வேறு, "ம்ம்! ம்ம்ம்!" என்று கையை ஆட்டினான். அது காப்பாற்றுங்கள் என்று கேட்பது போலவே இருந்தது. வார்டன் பாய்ந்து போய்த் துண்டை அவிழ்த்து, "பயப்படாத தம்பி, என்ன நடந்துச்சு, சொல்லு" என்றார்.

கமெண்ட்ரி நீளமாக ஒரு மூச்சு இழுத்தான். "மதிப்பிற்குரிய வார்டன் அவர்கள் களத்துல எறங்கிட்டாரு! லுங்கியை மடிச்சுக் கட்டிட்டாரு! ஆறு காளையும் மூலைக்கு ஒண்ணா நிக்குது! யாரைப் புடிக்கப் போறாரு..."

வார்டன் துண்டை எங்களிடமே கொடுத்தார். "நீங்களே கட்டிக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலை நானும் அவனும் மட்டும் மாடியில் இருந்தோம். கீழே ரோட்டில் பஸ்கள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. அவன் ஊர்க் கதை பேச ஆரம்பித்தான். பேச்சோடு பேச்சாக, "எங்கம்மா இதுவரைக்கும் ஜல்லிக்கட்டை நேர்ல பாத்ததே இல்ல மாப்ள" என்றான்.

"நெசமாவா?"

"அன்னிக்குப் பூரா வீட்டுல விருந்தாளுகளுக்குச் சமையல். அடுப்படியை விட்டு எங்க நகர? ஆனா எங்க வீட்டுப் பக்கத்துப் புளிய மரத்துல கொழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பாய்ங்க. நான் பேசுறதைக் கேட்டுக்கிட்டேதான் கொழம்பு வைக்கும். ராத்திரி நான் போனதும், அந்தச் செவலைக் காளை எடப்பக்கம் சாஞ்சுதானய்யா போச்சுன்னு கரெக்டாச் சொல்லும். நேர்ல பாத்தவன்கூட அம்புட்டு சொல்ல மாட்டான்."

எழுந்து நின்றுவிட்டேன். மியூட் என்று பெயர் எடுத்த நான் கத்தினேன். "டேய்! அதுதான்டா!"

"எதுடா?"

"பேப்பர் திருத்துறவரும் அடுப்படியிலதான்டா இருக்காரு! அவரு ஒன் மூஞ்சியப் பாக்கல. ஒன் கையி ஆடுறதைப் பாக்கல. மாட்டையும் பாக்கல. ஸ்பீக்கர் வழியா வர்றது மட்டுந்தான் அவருக்கு. நீ பாட்டுக்கு சோடியம் வந்துச்சு, புடிச்சாச்சுன்னா, எங்கிட்டு வந்துச்சு, எப்படிப் புடிச்சாய்ங்கன்னு அந்த மனுசனுக்கு எப்படித் தெரியும்? பேனாதான்டா கொழாய் ஸ்பீக்கர்!"

கமெண்ட்ரி வாயைத் திறந்தான். ஒன்றும் சொல்லாமல் மூடினான். அவன் வாய் மூடியதை நான் அன்றுதான் பார்த்தேன். கீழே ஓடிப் போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்து வந்தான்.

அடுத்த சில வாரங்கள் மாடியில் பேச்சு முடிந்ததும் எழுத்து. அவன் எழுதுவான், நான் வாசிப்பேன். எங்கே விட்டுப் போயிருக்கிறதோ அங்கே அவன் அம்மா மாதிரி முந்தானையைச் சொருகுவதாகப் பாவனை செய்து, "ஏய்யா, குளோரின் குளோரின்ங்குறியே, அவரு எதுக்குய்யா பாஞ்சாரு?" என்று கேட்பேன். "இரும்மா, சொல்றேன்" என்று அவனும் எழுதுவான். இங்கிலீஷ் ஒன்றும் பிரமாதமில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். ஆனால் காளை எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய் நின்றது என்று கண் தெரியாதவரும் சொல்லிவிடலாம். அவன் ஒவ்வொரு பக்கம் எழுதி முடித்தபோதும் என்னால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. தொட்டியைச் சுற்றி ஓடினேன்.

செமஸ்டர் தேர்வில் எழுதும்போது அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் இருப்பவனுக்கு விடை சொல்கிறான் என்று கண்காணிப்பாளர் சந்தேகப்பட்டு, முன் பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். அங்கேயும் உதடு அசைந்தது. அவர் காதை வைத்துக் கேட்டுப் பார்த்தார். கேட்டதென்னவோ, "ம்மா... இப்பப் பாரு... பாயப் போறாரு" என்பதுதான். பையனுக்கு வீட்டு ஞாபகம் போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டுத் தண்ணீர் கொடுத்தாராம். கடைசித் தேர்வில் மணி அடித்து, பேப்பரைப் பிடித்து இழுத்தபோது, "ஒரு நிமிசம் சார், கடைசி மாடு வாடிக்குள்ள நிக்குது!" என்று கெஞ்சினான். அவர் பாதி மாட்டோடு பிடுங்கிக்கொண்டு போனார்.

ரிசல்ட் ஒரு மத்தியான வேளையில் வந்தது. மாடியில் ஹாஸ்டலே கூடிவிட்டது. வகுப்பில் மற்ற எல்லோருடைய மார்க்கும் பார்த்தாயிற்று, நானும் சிக்கந்தரும் தேறியிருந்தோம். கமெண்ட்ரியின் பக்கம் மட்டும் திறக்காமல் என் ஃபோனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நேரம் பார்த்து அவன் ஃபோன் அடித்தது. மாமா. ஊருக்கு வந்திருக்கிறாராம். ஸ்பீக்கரில் போட்டான்.

"என்னப்பா, ரிசல்ட்டாமே? பாத்துச் சொல்லு. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்." பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவன் அம்மா அடுப்படியில்தான்.

வட்டம் நின்றது. பக்கம் திறந்தது. நான் ஃபோனை அவனிடம் நீட்டினேன். அவன் பார்க்கவில்லை. டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோனான். வாயை அசைத்தான். சத்தம் வரவில்லை. கடைசியில் டம்ளரை என் கையில் திணித்தான்.

"நீ... நீ அவுத்து விடு மாப்ள" என்றான்.

அத்தனை பேர் நிற்கிறார்கள். ஃபோனில் முன்பின் தெரியாத ஒரு குடும்பமே காத்திருக்கிறது. நான் மியூட். ஆனால் அப்போது அது எனக்கு ஞாபகமே வரவில்லை, சத்தியமாக.

"வாரான்... வாரான்... மொதக் காளை வாரான்! தமிழ்! நம்ம வீட்டுக் காளை, தடவிக் குடுத்தாலே நிக்கும். புடிச்சுட்டான்! ரெண்டாவது இங்கிலீஷ்! வெள்ளைக் காளை, துள்ளுது... உதறுது... திமிலை விடல, விடல, புடிச்சுட்டான்! அடுத்தது கணக்கு! ஆத்தாடி, இது ஆளையே தூக்கி எறிஞ்ச மாடு! தூக்குது... சுத்துது... பாஸ் மார்க் வாலைப் புடிச்சுத் தொங்குறான்! வாலைப் புடிக்கக் கூடாதுன்னு ஜல்லிக்கட்டுல சட்டம் இருக்கு, கணக்குல அந்தச் சட்டம் இல்ல! பாஸ்! பாஸ்! கடைசி காளை... கெமிஸ்ட்ரி... சோடியம் காளை... கொம்பைச் சாய்ச்சுக்கிட்டு வருது... நம்ம வீரர் நிக்கிறாரு... பாயிறாரு... கட்டிப் புடிச்சுட்டாரு! வகுப்புலயே இவருதான் ஃபர்ஸ்ட்டு! அத்தனை மாட்டையும் அடக்கிட்டாரு! ஒரு அரியர் இல்ல! ஒண்ணுகூட இல்ல!"

மாடி அதிர்ந்தது. சிக்கந்தர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஆடினான். கமெண்ட்ரி அப்படியே தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஃபோனில் மாமா கனைத்தார்.

"சரிப்பா. கம்பெனிக்கு நான் வேற ஆளைச் சொல்லிக்கிறேன். நீ படி."

அவரைத் தாண்டிக்கொண்டு ஒரு பெண் குரல், அடுப்படியிலிருந்து ஓடி வந்த மூச்சு வாங்கலோடு கேட்டது: "ஏய்யா, இப்பப் பேசுன தம்பி யாருய்யா? ஒன்னையவிடத் தொண்டை நல்லாருக்கே!"

இன்று அவன் ஓசூர் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் லேபில் இருக்கிறான். நாள் முழுக்க வாயில் மாஸ்க், உள்ளே பேசவே கூடாதாம். சிக்கந்தரின் துண்டு வைத்தியத்தைக் கம்பெனியே மாதச் சம்பளம் கொடுத்துச் செய்கிறது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு முதலில் எனக்குத்தான் ஃபோன் அடிப்பான். எழுதிக்கொண்டிருந்தால் பாதியில் நிறுத்திவிட்டு எடுப்பேன். இந்தக் கட்டுரையின் நடுவிலும் அவன் கூப்பிட்டான். அவன் வாயைத் திறந்தால் லேசில் மூட மாட்டான், தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு சாயங்காலமும் சொல்கிறேன்.

"அவுத்து விடு மாப்ள. நான் அடுப்படியிலதான் இருக்கேன்."